அம்புக்குறியை விட்டு வெளிக்கூட்டைப் பார்த்த பிறகு

தனிம வரிசை அட்டவணையை முதன்முறை படித்தபோது, அதன் ஓரங்களில் அம்புக்குறிகளை வரைந்து, ‘தொகுதியில் கீழே செல்லச் செல்ல வினைத்திறன் கூடும்’ என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். சோடியம், பொட்டாசியம் போன்ற கார உலோகங்களுக்கு அது கைகொடுத்தது. ஃபுளூரின், குளோரின், அயோடின் அடங்கிய ஹாலஜன்கள் பற்றிய வினாவிலும் அதே வரியை எழுதி, ஃபுளூரினைவிட அயோடினே தீவிரமாக வினைபுரியும் என்று விளக்கம் வேறு கொடுத்து, அந்த வினாவுக்குரிய மதிப்பெண் முழுவதையும் இழந்தேன்.

அதன் பிறகு, எந்தத் தனிமத்தைக் கேட்டாலும் முதலில் அதன் எலக்ட்ரான் அமைப்பை, அதாவது உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு கூட்டிலும் எத்தனை எலக்ட்ரான்கள் என்பதை, எழுதும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். சோடியம் 2, 8, 1. பொட்டாசியம் 2, 8, 8, 1. இரண்டிலும் வெளிக்கூட்டில் இருப்பது ஓர் எலக்ட்ரான்தான் என்றாலும், பொட்டாசியத்தில் அது ஒரு கூடு தள்ளி, அணுக்கருவின் ஈர்ப்பை மட்டுப்படுத்தும் உள்கூட்டு எலக்ட்ரான்களின் திரைமறைப்புக்கு அப்பால் இருப்பதால், அணுக்கருவில் எட்டுப் புரோட்டான்கள் கூடுதலாக இருந்தும் அதன் பிடி தளர்ந்துவிடுகிறது. ஓர் எலக்ட்ரானைப் பறிக்கத் தேவையான முதல் அயனியாக்கும் ஆற்றல் மோலுக்கு 496 கிலோஜூலிலிருந்து 419 ஆகக் குறைவது இதனால்தான். தண்ணீரில் இட்ட சிறு சோடியத் துண்டு உருகி உருண்டையாக ஓடும். பொட்டாசியமோ உடனே ஊதா நிறச் சுடருடன் பற்றிக்கொள்ளும். ஹாலஜன்கள் எலக்ட்ரானை இழப்பவை அல்ல, ஏற்பவை. ஆகவே பொட்டாசியத்துக்குச் சாதகமான அதே தொலைவு அயோடினுக்குப் பாதகமாகிறது.

சோடியம் ஏன் ஓர் எலக்ட்ரானோடு நிறுத்திக்கொள்கிறது என்பதையும் எண்களே சொல்லிவிடும். அதன் இரண்டாவது அயனியாக்கும் ஆற்றல் 4562 கிலோஜூல். ஏறத்தாழ ஒன்பது மடங்கு. அடுத்த எலக்ட்ரானை நிறைந்திருக்கும் உள்கூட்டிலிருந்து பறிக்க வேண்டியிருக்கிறது. அட்டவணையில் எண்களை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த ஓர் இணையை மட்டும் விதிவிலக்காக நினைவில் வைத்திருக்கிறேன்.

விதிவிலக்குகளில்தான் தேர்வு நம்மைச் சோதிக்கும். வரிசையில் வலப்புறம் செல்லச் செல்லப் பொதுவாக அயனியாக்கும் ஆற்றல் கூடும்; ஆனால் நைட்ரஜனுக்கு அது 1402, அடுத்துள்ள ஆக்சிஜனுக்கோ 1314. ஆக்சிஜனின் ஒரு பி ஆர்பிட்டாலில் (எலக்ட்ரான்கள் இரண்டு வரை தங்கும் இடம்) இரண்டு எலக்ட்ரான்கள் இணைந்து ஒன்றையொன்று விலக்குவதைக் கட்டம் போட்டுக் காட்டினால் விடை முடிந்துவிடும்.

நான் நெடுநாள் தடுமாறியது வேறோர் இடத்தில். அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவிடும் ஆற்றலான எலக்ட்ரான் நாட்டம் குளோரினுக்கு 349, ஃபுளூரினுக்கு 328 கிலோஜூல் என்றிருக்கும்போது, ஃபுளூரின் எப்படி அதிக வினைத்திறன் உடையதாகும்? ஃபுளூரின் அணு மிகச் சிறியது என்பதால், நெருக்கியடித்து நிற்கும் எலக்ட்ரான்கள் புதிதாக வருவதைச் சற்றே விலக்குகின்றன. அதே நெருக்கம்தான் ஃபுளூரின் மூலக்கூறின் பிணைப்பையும் வலுவிழக்கச் செய்கிறது. அதை உடைக்க ஏறத்தாழ 158 கிலோஜூல் போதும், குளோரினுக்கு 242 தேவை. மேலும், சிறிய ஃபுளூரைடு அயனி நீர் மூலக்கூறுகளால் சூழப்பட்டு நீரேற்றம் அடையும்போதும் படிகமாகும்போதும் வெளிவிடும் ஆற்றல் மிக அதிகம். ஆகவே, வினைத்திறனைக் கேட்கும் வினாவில் எலக்ட்ரான் நாட்டத்தை மட்டும் எழுதி நிறுத்தாமல், பிணைப்பு ஆற்றலையும் நீரேற்ற ஆற்றலையும் ஒரு வரியிலாவது சேர்த்து எழுதுங்கள்.