நங்கூர விளக்கு: ஓரலுக்கு நான் படித்த விதம்

கப்பல் அதிகாரி ஆவதற்கான செகண்ட் மேட் தேர்வின் ஓரலில் (வாய்மொழித் தேர்வு) முதல் தடவை நான் தோற்றது ஒரே ஒரு வெள்ளை விளக்கில். தேர்வாளர் காட்டிய கறுப்பு அட்டையில் ஒற்றை வெள்ளைப் புள்ளி; ராத்திரிக் கடலில் தெரியும் ஒரு விளக்கு என்று அர்த்தம். "50 மீட்டர் நீளத்துக்குக் குறைந்த கப்பல், நங்கூரத்தில் நிற்கிறது" என்று சட்டென்று சொன்னேன். "வேறு என்னவாக இருக்கலாம்?" என்றார் அவர். வாய் எழவில்லை.

கப்பலில் பயிற்சிக் காலம் முடித்து, காரைக்குடி வீட்டில் இருந்து படித்தவன் நான். கப்பல்கள் மோதாமல் இருக்க உள்ள சர்வதேச விதிகளில் (COLREGs), நங்கூர விளக்கைச் சொல்லும் விதி 30-ஐ வரி பிசகாமல் ஒப்பிப்பேன். விளக்கைப் பார்த்துக் கப்பலைச் சொல்லத்தான் வரவில்லை.

அந்த ஒற்றை வெள்ளை, நமக்கு முன்னே போகிற கப்பலின் பின்விளக்காக இருக்கலாம். 7 மீட்டருக்குக் குறைந்த, 7 நாட் (மணிக்கு 7 கடல் மைல்) வேகத்தைத் தாண்டாத விசைப்படகாக இருக்கலாம். துடுப்புப் படகில் ஒருவர் காட்டும் டார்ச்சாகக்கூட இருக்கலாம். இது மனதில் பதிய, ராத்திரி வளவில் (வீட்டு முற்றத்தில்) ஒரு பல்பைத் தொங்கவிட்டுச் சுற்றி வந்தேன். எங்கே நின்றாலும் தெரிந்தது. நங்கூர விளக்கு அப்படித்தான், 360 பாகை. பிறகு அட்டையை வளைத்து மறைத்து 135 பாகை மட்டும் திறந்துவிட்டேன். நாலு எட்டு நகர்ந்ததும் வெளிச்சம் போய்விட்டது. அது பின்விளக்கு. "என்னய்யா, பல்பையே சுத்திச் சுத்தி வர்றே?" என்றார் அப்பத்தா. அவருக்கு விளக்கிச் சொன்னதில் எனக்கே தெளிந்தது.

50 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கப்பலுக்கு இரண்டு வெள்ளை. இங்கேதான் பலரும் குழம்புவார்கள். ஓடும் கப்பலின் பாய்மர (mast) விளக்குகளில் பின்னால் உள்ளது உயரம். நங்கூரத்தில் நிற்கும்போது முன்பக்க நங்கூர விளக்கு உயரம், பின்பக்கத்தது தாழ்வு. மாத்தூர் கோயில் நந்தி முன்னால் நின்றபோது இது பிடிபட்டது. உட்கார்ந்திருக்கும் மாட்டுக்குத் தலை மேலே, பின்பக்கம் கீழே. அதன்பின் நான் மாற்றிச் சொன்னதே இல்லை. 100 மீட்டரைத் தொட்டால் தளத்து விளக்குகளையும் கட்டாயம் எரிய விட வேண்டும்.

ஆறு, கால்வாய் பற்றிக் கேட்டால் நிதானமாகப் பதில் சொல்லுங்கள். 7 மீட்டருக்குக் குறைந்த படகு நங்கூர விளக்கு இல்லாமல் நிற்கலாம் என்ற சலுகை குறுகிய வழியிலும் அதன் அருகிலும், மற்ற கலங்கள் வழக்கமாகப் போய்வரும் இடத்திலும் செல்லாது. உள்நாட்டு நீர்வழி பெரும்பாலும் அப்படிப்பட்ட இடம்தான். அந்தந்த நீர்வழிக்கு உரிய அதிகாரி தனி விதி வைக்கவும் விதி 1 இடம் தருகிறது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தரைதட்டிய கப்பல் என்றால் இரண்டு சிவப்பு என்று நிறுத்திவிடாதீர்கள். நங்கூர விளக்கும் கூடவே எரிய வேண்டும். பகலில் நங்கூரத்துக்கு ஒரு கறுப்புப் பந்து, தரைதட்டினால் மூன்று.