எக்ஸ்எஸ் 650 முன் பிரேக்: எந்தக் கலிப்பர் எந்த வருடத்தது?

மாமாவின் யமஹா எக்ஸ்எஸ் 650 பல வருடமாகத் திருகோணமலை உவர்மலையில் வீட்டுக்குப் பின்னால் கொட்டிலில் நின்ற பைக். புத்தகத்தில் 1976 என்று இருக்கிறது. பைக்கில் ஒரு கலிப்பர் (பிரேக் பிடிக்கும்போது டிஸ்கை இரு பக்கமும் அமத்தும் பகுதி) பூட்டியிருந்தது; பழைய சாமான் சாக்குக்குள் இன்னொன்று கிடந்தது. இரண்டுக்கும் உருவத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை. சீல் கிட் (கலிப்பருக்குள் போடும் ரப்பர் வளையங்கள்) எடுக்க முதல், எது எந்தக் காலத்துச் சாமான் என்று தெரியவேண்டும்.

இந்த மொடலுக்கு டிஸ்க் பிரேக் வந்தது 1972இல், எக்ஸ்எஸ்2 உடன். அதற்கு முந்தியவை டிரம். 1976 வரைக்கும் எதிரெதிராக இரண்டு பிஸ்டன் உள்ள கலிப்பர், போர்க்குக்கு (முன்சில்லைத் தாங்கும் குழாய்கள்) முன்பக்கம் நிற்கும். 1977இல் ஒற்றைப் பிஸ்டன் மிதக்கும் கலிப்பராக மாற்றிப் பின்பக்கம் கொண்டுபோனார்கள். போர்க் குழாயும் 34 மி.மீ.இலிருந்து 35 ஆனது.

எங்கள் பைக்கில் கலிப்பர் பின்பக்கம். குழாயில் வேர்னியர் வைத்தேன்: 35. அப்படியென்றால் முன்பகுதி முழுதாகவே பிந்திய பைக் ஒன்றிலிருந்து வந்திருக்கிறது. மாமாவைக் கேட்டேன்.

"ஓம் மருமகன், அது கொழும்பில மாத்தினது. அடிபட்டு போர்க் வளைஞ்சு போச்சு. பழசை எறிய மனமில்லாமச் சாக்கில போட்டு வச்சன்."

பைக்கில் இருந்ததைக் கழற்றியபோது டிஸ்கில் உரசும் பேட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிஸ்டன் பக்கத்துப் பேட் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. மற்றது கிட்டத்தட்டப் புதிது. கலிப்பர் எதன் மேல் வழுக்கி ஓடவேண்டுமோ அந்தக் கம்பி ('பின்') இறுகிவிட்டதன் அடையாளம் இது. இங்கத்தைய உப்புக் காற்றுக்கு நின்ற பைக் எதுவும் தப்பாது. அந்தக் கம்பியைக் கழற்றித் துப்பரவாக்கி, பிரேக்குக்கான கிரீஸ் பூசினேன். பிஸ்டன் விட்டம் 40 மி.மீ.

சாக்கில் இருந்தது மிகவும் இறுகியிருந்தது. அநுராதபுரச் சந்திப் பக்கம் லேத் வைத்திருக்கும் அண்ணன், ஹோஸ் பூட்டும் துளைக்கு எம்10 (10 மி.மீ.), 1.25 பிட்ச் (மரைகளின் இடைவெளி) மரையில் ஒரு கிரீஸ் நிப்பிள் கடைந்து தந்தார். ஐரோப்பியச் சாமானில் இந்த இடத்தில் 1.0 பிட்ச்தான் அதிகம். மாறிப் பூட்டினால் மரை போய்விடும். கிரீஸ் கன்னால் அமத்த அமத்த ஒரு பிஸ்டன் மட்டும் நகர்ந்தது. அதை ஜி-கிளாம்பால் பிடித்துக்கொண்டு அமத்திய பிறகுதான் மற்றது அசைந்தது. இரண்டும் 48 மி.மீ. குரோம் மேல்விளிம்பில், தூசிச் சீல் தொடும் கோட்டிலே, குண்டூசித் தலை அளவு துரு ஓட்டைகள் வட்டமாக வரிசையில் இருந்தன. மினுக்கிச் சரிப்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள், நான் செய்யமாட்டேன். ஓட்டையின் கூர் புதுச் சீலையும் கெதியாக அரித்துவிடும். கிரீஸ் பட்ட பழைய சீல்களையும் எறிந்துவிட்டேன்.

இரண்டு பிஸ்டன் இருப்பதால் பழையது இரு மடங்கு பிடிக்கும் என்று கதைப்பார்கள். அது சரியில்லை. மிதக்கும் கலிப்பரில் ஒற்றைப் பிஸ்டன் தள்ளும்போது உடல் எதிர்ப்பக்கம் இழுபட்டு, மற்றப் பேடையும் அதே விசையோடு அமத்துகிறது. ஆகவே ஒரு பக்கத்துப் பிஸ்டனின் பரப்பைத்தான் ஒப்பிடவேண்டும். 48இன் வர்க்கம் 2304, 40இன் வர்க்கம் 1600. ஒரே மாஸ்டர் சிலிண்டரில் (லீவரை அமத்தும்போது பிரேக் ஒயிலைத் தள்ளும் சிலிண்டர்) 48 மி.மீ. கலிப்பர் 1.44 மடங்கு இறுக்கிப் பிடிக்கும், லீவரும் அதே விகிதத்தில் கூடுதலாக உள்ளே வரும். 48க்கு அளவாய் வந்த பெரிய மாஸ்டரோடு 40ஐப் பூட்டினால் லீவர் கல்லு மாதிரி நிற்கும், பைக் நிற்காது.

இதனால்தான் 'எக்ஸ்எஸ் 650க்குப் பொருந்தும்' என்று மட்டும் எழுதி விற்கும் கலிப்பரை நான் வாங்குவதில்லை. பிஸ்டன் விட்டத்தையும் போல்ட் துளைகளின் இடைவெளியையும் அளந்து அனுப்பச் சொல்லிக் கேட்பேன்.

இப்போதைக்கு 40 மி.மீ. கலிப்பர் புதுச் சீலோடு பைக்கில் ஏறிவிட்டது. 48ஐப் பூட்ட, முன்பக்கம் கலிப்பர் பூட்டும் காதுள்ள 34 மி.மீ. போர்க் வேண்டும். கிடைக்கும்வரை அது எண்ணெய்த் துணிக்குள் இருக்கட்டும். அடுத்தது மாஸ்டர் சிலிண்டர். போர்க்கோடு சேர்ந்து அதையும் மாற்றினார்களா என்பது மாமாவுக்கு நினைவில்லை. வெளியே பார்த்துச் சொல்லவும் முடியாது. கழற்றி உள்விட்டத்தை அளந்த பிறகுதான் புது ஹோசும் பிரேக் ஒயிலும்.