மூடியில் மாமனார் பெயர்

எங்கள் வீட்டு எவர்சில்வர் டிபன் டப்பா ஒன்று இப்போது எமதர்மனிடம் இருக்கிறது. இதை வீட்டில் சொன்ன நாளிலிருந்து எனக்கு வரும் காபியில் சர்க்கரை இல்லை.

எல்லாம் மகளால் வந்தது. நந்தம்பாக்கத்தில் சித்திரக்கதை ரசிகர்கள் கூடும் திருவிழா. வேடம் போட்டுக்கொண்டுதான் போக வேண்டுமாம். அதற்குக் காஸ்ப்ளே என்று பெயர். உடை, விளையாட்டு என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டி ஜப்பான்காரர்கள் செய்த சொல் என்று எனக்குப் பாடம் நடத்தினாள். வெட்டுவதும் ஒட்டுவதும் எங்கள் கூடத்திலும் ஒரு மாதம் நடந்தது. கோடவுன் தெருவில் வாங்கிய கருப்புத் துணி, ஃபெவிகால், வெள்ளித்தாள், ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியில் வெட்டிய ஐந்தடி வாள். அந்தப் பெட்டியை ஆறு வருடமாகப் பரணில் காப்பாற்றி வைத்திருந்தேன். எதற்கென்று கேட்காதீர்கள். உங்கள் பரணிலும் ஒன்று இருக்கும்.

கூட்டம் எனக்குப் பழகிய சங்கதி. மயிலாப்பூரில் வளர்ந்தவன். அறுபத்துமூவர் அன்று ஒரு கையில் நீர்மோர், மறு கையில் பாட்டி என்று தெற்கு மாட வீதியைக் கடந்திருக்கிறேன், இரண்டுமே சிந்தியதில்லை. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு ரங்கநாதன் தெருவுக்குள் போய், சட்டையில் எல்லாப் பித்தான்களோடும் திரும்பியிருக்கிறேன். சூத்திரம் ஒன்றுதான்: எதிர்நீச்சல் போடாதே. கூட்டம் போகிற போக்கில் போ, வேண்டிய இடம் வந்ததும் பக்கவாட்டில் நழுவு. மெட்ரோவில் ஆலந்தூர் வரும்வரை இதையே விளக்கிக்கொண்டு வந்தேன். பாதியை மகள் கேட்டாள், மீதியை அவளுடைய நீல விக் கேட்டது.

வரிசை, பெரிய கோலம்போல வளைந்து வளைந்து கிடந்தது. பிப்ரவரி மாதம் என்பது வெயிலுக்குத் தெரியவில்லை. எனக்கு முன்னால் இறக்கை வைத்த இருவர். திரும்பும்போதெல்லாம் என் மூக்கைத் துடைத்தார்கள். வாசலுக்குப் பத்தடி முன்னால்தான் அந்த அறிவிப்பைப் பார்த்தேன்: வெளி உணவுக்கு அனுமதி இல்லை. என் பையில் தயிர்சாதம் இருந்தது. கடுகும் இஞ்சியும் தாளித்து, மேலே இரண்டு மோர்மிளகாய் வைத்தது. அதைக் கொட்டுவதா? நடக்காது. நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தேன்.

மூன்றாவது வாயில் பின்னாலிருந்து ஒரு குரல். "அங்கிள், அது மோர்மிளகாயா?"

திரும்பினால் எமன். கரிய அங்கி, மண்டையோட்டு முகமூடி, கையில் அரிவாள். முகமூடியை நெற்றிக்கு ஏற்றினான். உள்ளே அரும்பு மீசையோடு ஒரு பையன், முகமெல்லாம் வியர்வை. இரவு முழுக்க அரிவாளுக்கு வண்ணம் அடித்ததில் சாப்பிடவில்லையாம். கல்யாணத்துக்கு வந்த சித்தப்பாவைப்போல டப்பாவை நீட்டினேன். அரிவாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் சாப்பிட்ட அழகை என் மனைவி பார்த்திருந்தால் டப்பாவை அவளே கொடுத்திருப்பாள்.

அதற்குள் வரிசை திடீரென்று நகர்ந்தது. இறக்கைக்காரர்கள் முன்னால், நானும் மகளும் அவர்கள் பின்னால், எங்கள் பின்னால் ஒரு இருநூறு பேர். காவலர் வாளை வாங்கி, தட்டிப் பார்த்து, வளைத்துப் பார்த்து, "அட்டைதானே?" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு திருப்பிக் கொடுத்தார். உள்ளே போன பிறகுதான் கை காலியாக இருப்பது உறைத்தது. டப்பா!

சாதாரண டப்பா இல்லை. சீர் வரிசையில் வந்தது. மூடியில் மாமனார் பெயரும் ஊரும் வெட்டியிருக்கிறது.

எமனைத் தேடினேன். ஒரு எமன் கிடைத்தான். அவனல்ல. அடுத்தவனும் அவனல்ல. அன்று அந்த அரங்கில் அதே முகமூடியில் குறைந்தது ஒன்பது எமன்கள் உலவினார்கள். ஒவ்வொருவரிடமும் போய், "தம்பி, தயிர்சாதம்?" என்று கேட்டேன். ஒருவன் என்னையும் ஏதோ கதாபாத்திரம் என்று நினைத்துச் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டான். இந்தத் தேடலில் நான் செய்தது முழுக்க எதிர்நீச்சல். திரும்பிப் பார்த்தால் மகளைக் காணவில்லை.

செல்பேசியில் சிக்னல் இல்லை. நீலத் தலைமுடி எங்கே என்று பார்த்தால் எங்கும் நீலத் தலைமுடி. வயிற்றைப் பிசைந்தது. கூட்டம் தள்ளிக்கொண்டு போய் ஒரு காமிக்ஸ் கடையோரம் நிறுத்தியதும் இரும்புக்கை மாயாவி நினைவுக்கு வந்தான். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவன். எனக்கு அண்ணனின் கிழிந்த பிரதிதான் கிடைத்தது. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அதைப் படித்துவிட்டுப் பிளக்கில் விரலை விட்டு, நான் மறையாததற்கும் சேர்த்து அம்மாவிடம் உதை வாங்கியிருக்கிறேன்.

அப்போதுதான் தலைகளுக்கு மேலே ஒரு கை தெரிந்தது. கை மட்டும். வெள்ளித்தாள் ஒட்டிய கையுறை, அதில் முனை மடங்கிய ஐந்தடி வாள். கையின் சொந்தக்காரி கூட்டத்துக்குள் எங்கோ அடியில் இருந்தாள். அந்தக் கை அவசரமே இல்லாமல், கூட்டம் போகிற போக்கிலேயே மிதந்து வந்து, எனக்கு நேராக வந்ததும் பக்கவாட்டில் நழுவியது.

"எங்கே அப்பா போனாய்? எதிர்நீச்சல் போடாதே என்று நீதானே சொன்னாய்?"

அதன்பிறகு மாலைவரை அவளுடைய அங்கி நுனியைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். கையைப் பிடித்தால் வேடம் கெட்டுவிடுமாம்.

வீட்டில் இதையெல்லாம் விவரமாகச் சொன்னேன். மகள் தொலைந்த இடம் வந்ததும் மனைவி முறைத்தாள், கிடைத்த இடம் வந்ததும் விக்கை எடுத்துச் சிக்கெடுக்க உட்கார்ந்தாள். கதை முடிந்தது என்று எழுந்தேன்.

"டப்பா?"

சொன்னேன். அடுத்த வருடம் அந்தப் பையன் கட்டாயம் வருவான், வாங்கிக்கொள்ளலாம் என்றாள் மகள்.

"நீங்கள் போய்க் கிழித்தது போதும். நானே வருகிறேன்" என்றாள் மனைவி. நேற்றிலிருந்து அவளுக்கும் சேர்த்துக் கூடத்தில் அளவெடுக்கிறார்கள்.