சுண்டெலிக்கு ஒரு பொறி போதாது

அரிசி டிரம்முக்குப் பின்னால் கருப்பாக நாலைந்து துகள் கிடக்கிறதா? பொறி வாங்கக் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் டார்ச் அடித்து, குனிந்து ஒருமுறை பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகப் பொட்டு இருந்தால் அது பல்லி எச்சம். வெள்ளை இல்லாமல், சீரகச் சம்பா அரிசி அளவில், முனை கூராக இருந்தால் சுண்டெலிப் புழுக்கை. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளமும் தடிமனும் இருந்தால் வீட்டெலி. பரணிலும் கேபிள் ஒயர் மேலும் ஓடுகிற நீள வால்காரன். வாசல் படிக்கருகிலோ காம்பவுண்டு சுவர் ஓரத்திலோ மண்ணைக் குவித்து வளை தோண்டியிருந்தால் பெருச்சாளி.

இன்னொருவர் உண்டு, மூஞ்சூறு. நீண்ட மூக்கு, ‘கிச் கிச்’ சத்தம், போன இடமெல்லாம் ஒரு நாற்றம். பிள்ளையார் வாகனம் என்று சிலர் கும்பிடுவார்கள், எலி என்று சிலர் அடிப்பார்கள். உண்மையில் அது எலி இனமே இல்லை. கரப்பான், பூச்சி, புழு தின்கிற பிராணி. அரிசி மூட்டையை அது ஓட்டை போடாது. பாத்ரூம் தண்ணீர் போகிற வாய்க்கும் கதவின் அடிச் சந்துக்கும் வழி அடைத்தால் வருவது நின்றுவிடும்.

ஆளைக் கண்டுபிடிப்பது ஏன் முக்கியம் என்றால், ஆளுக்கு ஆள் பொறியும் மாறும், வைக்கிற முறையும் மாறும். வீட்டெலிக்கு வாங்கிய கம்பிக் கூண்டை எடுத்துச் சுண்டெலிக்கு வைப்பதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. காலையில் பார்த்தால் கூண்டின் கதவு விழுந்திருக்கும், வடை காணாமல் போயிருக்கும், உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். மாயம் எதுவும் இல்லை. பென்சில் நுழைகிற சந்து, அதாவது 6 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே சுண்டெலிக் குட்டி நுழைந்துவிடும். கூண்டின் கம்பி இடைவெளி அதைவிட அதிகம். வடையைத் தின்றுவிட்டு வந்த வழியே நிதானமாக வெளியேறியிருக்கிறது.

சுண்டெலி 15 முதல் 25 கிராம் எடை. ஒரு நாளைக்கு 3 கிராம் தீனி அதற்குப் போதும். ஆனால் அந்த 3 கிராமை ஒரே இடத்தில் உட்கார்ந்து தின்னாது. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று இருபது இடத்தில் கொறிக்கும். கூட்டிலிருந்து நாலைந்து மீட்டருக்கு மேல் அனேகமாகப் போகாது. சமையலறையில் ஒரு குடும்பம் இருக்கும், பூஜை அறையில் இன்னொன்று இருக்கும், இரண்டும் சந்திக்காமலே காலம் தள்ளும். அதனால்தான் சிங்க்குக்கு அடியில் ஒரே ஒரு பொறியை வைத்துவிட்டுப் பத்து நாள் காத்திருப்பவர்களுக்கு ஒன்றும் மாட்டுவதில்லை. ஒரு பொறியைப் பத்து ராத்திரி வைப்பதைவிட, பத்துப் பொறியை ஒரே ராத்திரி வைப்பது மேல். ஒரு பெண் எலி மூன்று வாரத்தில் ஐந்தாறு குட்டி போடும். அந்தக் குட்டிகள் ஒன்றரை மாதத்தில் தாங்களே குட்டி போடத் தயாராகிவிடும். பத்து நாள் தாமதம் என்பது சின்ன விஷயம் இல்லை.

சுண்டெலிக்கு ஏற்றது சின்ன ஸ்பிரிங் பொறி. மரப்பலகையிலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கும். கம்பி டப்பென்று விழுந்து அடிக்கும். சமையலறைக்கு ஆறு, மற்ற இடங்களுக்கு நாலு என்று வாங்குங்கள். தீனி விஷயத்தில் கைதாராளம் கூடாது. முழு மசால் வடையைச் செருகினால் எலி வெளி ஓரத்தைக் கொறித்துவிட்டுப் போய்விடும், விசை அசையாது. பச்சைப் பட்டாணி அளவுதான் தீனி. சுட்ட தேங்காய்ச் சில்லு, கருவாட்டுத் துணுக்கு, வறுத்த வேர்க்கடலையை வெல்லத்தோடு நசுக்கிய உருண்டை, எதுவானாலும் சரி. அதைத் தையல் நூலால் விசைத் தகட்டோடு இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிடுங்கள். எலி இழுத்துப் பிடுங்கினால்தான் விசை விழும். கட்டாமல் வைத்தால் நக்கியே காலி செய்துவிடும். தீனிக்கு மசியாத எலி இருந்தால் தீனிக்குப் பதில் ஒரு துண்டுப் பஞ்சைக் கட்டிப் பாருங்கள். கூடு கட்டுகிற பெண் எலி அதை இழுக்க வரும்.

வைக்கிற திசையில்தான் பாதி வெற்றி. எலி நடு அறையில் நடக்காது. மீசை சுவரில் உரச, சுவரை ஒட்டியே ஓடும். அதனால் பொறியைச் சுவருக்குக் குறுக்காக, தீனி இருக்கிற முனை சுவரைத் தொடுகிற மாதிரி வைக்க வேண்டும். சுவருக்கு இணையாக நீளவாக்கில் வைத்தால் எலி பின்பக்கமாக வந்து ஏறித் தாண்டிவிடும். புழுக்கை அதிகமாகக் கிடக்கிற இடத்தில் இரண்டு பொறியைப் பக்கம் பக்கமாக வையுங்கள். ஒன்றைத் தாண்டினாலும் இன்னொன்றில் விழும். மற்றபடி ஒரு மீட்டருக்கோ இரண்டு மீட்டருக்கோ ஒன்று. இரண்டு ராத்திரி ஒன்றுமே விழாத பொறியை மூன்றாம் நாள் வேறு மூலைக்கு மாற்றிவிடுங்கள்.

வீட்டெலிக்கு இது நேர் எதிர். சுண்டெலி புதுப் பொருளைப் பார்த்தால் என்னவென்று மோந்து பார்க்க வரும். வீட்டெலி புதிதாக எது வந்தாலும் நாலைந்து நாள் சுற்றிப் போகும். ஆகவே பொறியில் தீனி மட்டும் வைத்து, விசை ஏற்றாமல் விட்டுவிட வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து தீனி காலியானால் நாலாம் ராத்திரி விசையை ஏற்றுங்கள். கம்பிக் கூண்டானால் கதவைக் கம்பி போட்டுத் திறந்தபடி கட்டி வையுங்கள். முதல் நாளே விசை ஏற்றி, அது சும்மா விழுந்து எலி தப்பித்தால், அந்த எலியை அந்தப் பொறியில் பிடிப்பது கஷ்டம். ‘பொறி வைக்கப் போறோம்னு சத்தமா பேசாதே, எலிக்குக் கேட்டுடும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இந்த அனுபவத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். கூண்டில் மாட்டியதைத் தெருமுனையில் கொண்டுபோய் விடுவதால் பயனில்லை, திரும்பி வந்துவிடும்.

ஒட்டும் அட்டை பற்றி: வாங்காதீர்கள். எலி உயிரோடு மணிக்கணக்கில் துடிக்கும், அதைக் கையில் எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது. பல மாநிலங்கள் அதற்குத் தடை போட்டிருக்கின்றன. போதாததற்குப் பல்லியும் மூஞ்சூறும் எலியைவிட முந்திக்கொண்டு ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே அப்படி ஒன்று ஒட்டியிருந்தால் சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பசை இளகும்.

பொறி பாதி வேலைதான். வழியை அடைக்காவிட்டால் காலியான இடத்துக்கு அடுத்த குடும்பம் குடிவரும். பகலில் விளக்கை அணைத்துவிட்டுச் சிங்க் அலமாரிக்குள் தலையை விட்டுப் பாருங்கள். வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் வழி. சிங்க்கின் கழிவுக் குழாய் சுவரைத் துளைத்துப் போகிற இடம், வாஷிங் மெஷின் ஹோஸ், ஏசியின் செம்புக் குழாய்க்குப் போட்ட துளை, வெளியே வைத்த சிலிண்டரிலிருந்து உள்ளே வருகிற கேஸ் குழாயின் துளை, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை. இதில் ஏசித் துளைதான் அதிகம் ஏமாற்றும். பொருத்த வருபவர்கள் வெள்ளையாக ஒரு பசையை அப்பிவிட்டுப் போவார்கள், அது காய்ந்து உதிர்ந்ததை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

எதை வைத்து அடைக்கிறோம் என்பதில் கஞ்சத்தனம் செய்தால் வேலை இரண்டாகும். துணி, தெர்மாகோல், ஸ்ப்ரே ஃபோம், பிளாஸ்டிக் கொசுவலை எல்லாம் ஒரே ராத்திரியில் கொறிபட்டுவிடும். எலியின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், கொறித்துத் தேய்த்தே ஆக வேண்டும். சின்னத் துளைக்குப் பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரைத் திருகி இறுக்கித் திணித்து, மேலே எம்சீல் பூசுங்கள். துரு பிடிக்கிற இரும்பு நாராக இல்லாமல் எவர்சில்வர் நாராக இருக்கட்டும். பெரிய துளைக்கு ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல், அதோடு உடைத்த கண்ணாடித் துண்டு. ஊரில் கொத்தனார்கள் பெருச்சாளி வளைக்குப் போடுகிற அதே கலவை. கலவை இறுகும் முன் எலி நோண்டாமல் இருக்க முதல் ராத்திரி ஒரு செங்கல்லை முட்டுக் கொடுங்கள். காற்று வர வேண்டிய ஓட்டைக்குக் 6 மில்லிமீட்டருக்கும் குறைவான கண் உள்ள இரும்பு வலை. கதவின் அடியில் சந்து இருந்தால் அலுமினியப் பட்டை. ரப்பர் மட்டும் என்றால் மூலையிலிருந்து தின்ன ஆரம்பித்துவிடும்.

ஒரு துளை இன்னும் புழக்கத்தில் இருக்கிறதா என்று சந்தேகமா? செய்தித்தாளைக் கசக்கி லேசாகச் செருகி வையுங்கள். மூன்று ராத்திரி அசையாமல் இருந்தால் தாராளமாகப் பூசலாம். அசைந்திருந்தால் அதன் வாயில்தான் முதல் பொறி. ஃபால்ஸ் சீலிங்குக்குள் எலி ஓடும் வீட்டில் பொறியில் பிடித்து முடிக்காமல் கடைசி வழியை மூடிவிடாதீர்கள். உள்ளே செத்தால் ஒரு வாரம், இரண்டு வாரம் நாற்றம் தாங்காது.

தீனியைப் பொறுத்தவரை அரிசி, பருப்பை யாரும் மறப்பதில்லை, டப்பாவில் போட்டுவிடுகிறோம். மறந்துபோவது வேறு. பூஜை அறையில் எண்ணெயில் ஊறிய திரியை எலி இழுத்துக்கொண்டு போகும். எரிகிற திரி என்றால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு, படுக்கும்முன் விளக்கை மலையேற்றிவிட்டுத் திரியை எடுத்து மூடி வையுங்கள். குளியல் சோப்பில் பல் தடம் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், அதில் இருப்பது கொழுப்பு. நாய்க்கு வைத்த சோறு ராத்திரி தரையில் இருக்கக் கூடாது. ஃபிரிட்ஜின் பின்பக்கத்தில் கம்பிரசர் சூடும் உண்டு, தட்டில் தண்ணீரும் உண்டு. மாதம் ஒருமுறை நகர்த்திப் பெருக்காத வீடுகளில் முதல் கூடு அங்கேதான். இரண்டாவது, பரணில் இருக்கிற கொலு பொம்மைப் பெட்டி. வைக்கோல், பழைய வேட்டி, செய்தித்தாள் என்று எலிக்கு மெத்தையே போட்டு வைத்திருக்கிறோம். அட்டைப்பெட்டியை விட்டுவிட்டு மூடி இறுகுகிற டிரங்குப் பெட்டிக்கு மாற்றுங்கள்.

எலி நடமாட்டம் தெரிந்த அன்றே பார்க்க வேண்டியது கேஸ் ட்யூப். சாதாரண ரப்பர் ட்யூபை எலி கடித்துவிடும். உள்ளே கம்பிப் பின்னல் உள்ள ஆரஞ்சு நிறச் சுரக்ஷா ட்யூப்தான் போட வேண்டும், அதையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மேலே கடித்த தடம் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்குக் கூப்பிடுங்கள்.

விஷத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. குழந்தையோ நாய் பூனையோ இருக்கிற வீட்டுக்குள் அது வேண்டவே வேண்டாம். டூத்பேஸ்ட் மாதிரி வந்துகொண்டிருந்த மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்டைத் தமிழ்நாடு அரசு தடை செய்துவிட்டது; எங்காவது பழைய ட்யூப் அலமாரியில் கிடந்தால் அப்புறப்படுத்துங்கள். 2024 நவம்பரில் குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். பூச்சி மருந்து வைக்க ஆள் கூப்பிட்டால் என்ன மருந்து என்று பெயர் கேளுங்கள். பாஸ்பைடு என்று முடிகிற எதையும் வீட்டுக்குள் வைக்க விடாதீர்கள். அதிலிருந்து வருவது நச்சு வாயு, ஜன்னல் மூடி ஏசி ஓடுகிற படுக்கையறை அதற்கு மிக மோசமான இடம். வெளியே பெருச்சாளிக்கு வைத்தே ஆக வேண்டும் என்றால் 0.005 சதவீத புரோமடியோலோன் கட்டியை, பூட்டுள்ள தீனிப் பெட்டிக்குள் மட்டும். தின்ற எலி நாலைந்து நாள் கழித்தே சாகும். மறுநாளே பலனில்லை என்று அள்ளி அள்ளி வைக்கக் கூடாது. குழந்தை எந்த எலி மருந்தையாவது வாயில் வைத்துவிட்டால், நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் சரி, பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சில மருந்துகளின் விளைவு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

அல்ட்ராசோனிக் கருவி, அந்துருண்டை, புதினா எண்ணெய்: மூன்றுக்கும் செலவழிக்கிற காசில் இன்னும் நாலு பொறி வாங்கலாம்.

செத்த எலியையும் புழுக்கையையும் காய்ந்தபடி துடைப்பத்தால் கூட்டாதீர்கள், தூசி மூக்கில் ஏறும். எலியின் சிறுநீர் வழியாகத்தான் எலிக்காய்ச்சல் பரவுகிறது. கையில் கீறல் இருந்தாலே கிருமிக்கு வழி. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடரைக் கலந்து, கையுறை போட்டுக்கொண்டு, நன்றாக நனைய ஊற்றி ஐந்து நிமிடம் விட்டு, பழைய துணியால் வழித்தெடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள். அந்த இடத்தில் கழிவறை ஆசிட்டைச் சேர்த்து ஊற்றிவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

எல்லாம் முடிந்ததா என்று பார்க்க, ராத்திரி சுவரோரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு முகப் பவுடரை மெல்லத் தூவிவிட்டுப் படுங்கள். காலையில் டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் தடம் தெரியும்: முன்காலில் நாலு விரல், பின்காலில் ஐந்து, நடுவில் சில சமயம் வால் இழுத்த கோடு. ஏழு ராத்திரி பவுடர் கலையாமல் இருந்தால் பொறிகளை எடுத்து வைத்துவிடலாம். இரண்டை மட்டும் சிங்க்குக்கு அடியில் விட்டு வையுங்கள். ஐப்பசி மழையில் வளைகளில் தண்ணீர் ஏறியதும் மறுபடி தேவைப்படும்.