எழுதும் முன்பே அழிந்த பைல்

காரைக்குடியில் எங்கள் அலுவலகத்துக்கு வரும் வேலைகளில் பாதி, யாரோ எப்போதோ சி மொழியில் எழுதிய பழைய புரோகிராம்களைப் பராமரிப்பதுதான். ஆத்தங்குடிக் கல் பட்டறை ஒன்றின் இருப்புக் கணக்கும் அப்படி வந்ததே. எந்த டிசைன் கல் எத்தனை இருக்கிறது, எத்தனை லாரி ஏறியது, எல்லாம் ஒரே டெக்ஸ்ட் பைலில்.

ஒருநாள் காலை அந்த பைல் பூஜ்யம் பைட் என்று காட்டியது. புதிதாகச் சேர்ந்த தம்பி புரோகிராமைப் படித்துவிட்டுக் கேட்டார்: "அண்ணே, எழுதுற வரிக்கு வர்றதுக்கு முன்னாடியே கரண்ட் போயிருக்கு. அப்புறம் எப்படிப் பழசு அழிஞ்சது?"

கேட்க வேண்டிய கேள்வி. பைலைத் திறக்கும் சி கட்டளையான எஃப்ஓபனில் (fopen), எழுதுவதற்கு என்று 'டபிள்யூ' (w) கொடுத்தால், திறந்த அந்த நொடியே பைல் காலி. ஓர் எழுத்துகூட எழுத வேண்டியதில்லை. முன்பு எழுதியவர், இருப்பை மெமரியில் படித்துக்கொண்டு அதே பைலை 'டபிள்யூ'வில் திறந்திருந்தார். மின்சாரம் போனதும் இரண்டு இடத்திலும் இல்லை. நல்லவேளை, பட்டறையில் பில் புத்தகங்கள் இருந்தன. உட்கார்ந்து மறுபடி ஏற்றினோம்.

அதற்குப் பதில், படிக்கவும் எழுதவும் திறக்கும் 'ஆர் பிளஸ்' (r+) போட்டால் சரியாகிவிடுமே என்றார் தம்பி. அது அழிக்காது, உண்மைதான். ஆனால் பழையதன் மேலேயே எழுதும். 1200 என்று இருந்த இடத்தில் 950 என்ற மூன்று இலக்கங்களை எழுதினால், கடைசிப் பூஜ்யம் அப்படியே நின்று 9500 ஆகிவிடும். காலி பைலைவிட இது ஆபத்து. காலி என்றால் உடனே தெரியும். தப்பான இருப்பை நம்பி ஆர்டர் எடுத்துவிடுவார்கள்.

அன்றாட வரவு செலவுக்கு, முடிவில் சேர்த்து எழுதும் 'ஏ' (a) முறைதான். கணக்கப்பிள்ளை பேரேட்டில் கடைசி வரிக்குக் கீழே அடுத்த வரி எழுதுவதுபோல, பைலுக்குள் இடத்தை மாற்றும் எஃப்சீக் (fseek) வைத்து எங்கே நகர்த்தினாலும் எழுத்து முடிவில்தான் போய்ச் சேரும். மொத்த இருப்பை மட்டும் வேறு பெயரில் புது பைலாக எழுதி, எழுதியதை டிஸ்க்குக்கே அனுப்பிவைக்கும் எஃப்சிங்க் (fsync) வரை செய்து, மூடி, எல்லாம் வெற்றி என்று பார்த்த பிறகே பழைய பைலின் பெயருக்கு ரீநேம் செய்கிறோம். அது லினக்ஸ் கணினி, அதனால் பழைய பைலின் இடத்தில் புதியது நேராக வந்து உட்காரும். விண்டோஸில் சியின் ரீநேம், அந்தப் பெயரில் பைல் இருந்தால் மறுத்துவிடும்; அங்கே வேறு வழி எழுத வேண்டும்.

பைலைத் திறக்க முடியாமல் எஃப்ஓபனிலிருந்து 'நல்' (NULL) என்ற வெற்றுப் பதில் வந்தால், பிழையைச் சொல்லும் பெரர் (perror) காட்டும் காரணத்தோடு புரோகிராம் அங்கேயே நிற்கும்படி தம்பியே மாற்றி எழுதினார்.