ஒண்ணுக்குப் போற மாத்திரை

ஈரோட்டில் மெடிக்கல் வார்டு நர்ஸாக 11 வருஷம் ஓடிவிட்டது. டிஸ்சார்ஜ் ஆகிறவர்களில் யார் ஒரே மாதத்தில் திரும்பி வருவார்கள் என்று இப்போது ஓரளவு சொல்லிவிடுவேன். எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்வதில்லை.

கொடுமுடிப் பக்கம் ஒரு பெரியவர். இதயம் பலவீனம், கால் வீக்கம், ராத்திரி படுத்தால் மூச்சு முட்டும். ஆறு மாதத்தில் மூன்று தடவை வந்தார். ஊசி போட்டு நீரை இறக்கி அனுப்புவோம், மறுபடி வீங்கிக்கொண்டு வந்து நிற்பார். மாத்திரை போடறீங்களா என்றால் "தவறாமப் போடறனுங்க" என்பார், நாங்களும் அதையே கேஸ் ஷீட்டில் எழுதிவைப்போம். மூன்றாவது தடவை அவர் சம்சாரம்தான் மெதுவாகச் சொன்னார்: "ஏனுங் அம்மிணி, அந்த ஒண்ணுக்குப் போற மாத்திரைய மட்டும் வெளிய போற அன்னிக்குத் தொடமாட்டாருங்க."

மஞ்சள் மண்டி, கல்யாணம், எழவு என்று வாரத்தில் நாலு நாள் பஸ் ஏறுகிற மனுஷர். அந்த நீர் இறக்குகிற மாத்திரை, ஃபுரோசிமைடு, போட்டால் ஒரு மணி நேரத்துக்குள் முட்டிக்கொண்டு வரும், பஸ்ஸை எங்கே நிறுத்தச் சொல்வார்? டாக்டரைக் கேட்டு, வெளியே போகிற நாளில் மட்டும் வீடு திரும்பியதும் மதியம் போடுங்கள் என்று மாற்றினோம். உடம்பில் நீர் சேர்ந்து மூன்று நாளில் 2 கிலோ எடை ஏறினால் போன் பண்ணுங்கள் என்றதற்கு, மஞ்சள் மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நிற்கிறேன் என்றார். சரி, அதுவும் தராசுதானே.

அதிலிருந்து டிஸ்சார்ஜ் அன்று, வீட்டில் யார் இருக்கிறார்கள், சமைப்பது யார் என்று கேட்டுவிடுகிறேன். பையன்கள் திருப்பூரில், தோட்டத்துச் சாளையில் கிழவனும் கிழவியும் மட்டும் என்றால் எனக்குப் பயம்தான். ராத்திரி 108-ஐக் கூப்பிட்டாலும் தார்ரோட்டில் நின்று வழிகாட்ட ஆள் வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று அவரிடம் மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம், பழைய சோற்றுக்கு மோர் மிளகாய் வறுத்து வைப்பது அந்தம்மா.

தறி ஓட்டுகிறவர்கள் கதை வேறு. ஷிப்ட் மாறினால் சாப்பாட்டு நேரம் மாறும், இன்சுலின் பழைய நேரத்துக்கே போகும், சர்க்கரை இறங்கி மயங்கி வருவார்கள். செக்கப்புக்கு வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. 2021 ஆகஸ்டில் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்து, பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருவது பெரிய விஷயம்தான், ஆனால் பகலில் அந்த ஊழியர்கள் வரும்போது தறிக்காரர் தறிக்குடோனில் நிற்பார். கேஸ் ஷீட்டில் நாம் எழுதுவதோ "மருந்து ஒழுங்காக எடுக்காதவர்". எனக்கு அந்த வரியைப் பார்த்தாலே எரிச்சல் வரும், நானும் எழுதியிருக்கிறேன்.

கொடுமுடிக்காரர் அப்புறம் எட்டு மாதம் வரவில்லை. பேத்தி பிரசவத்துக்கென்று அந்தம்மா இருபது நாள் திருப்பூர் போயிருந்தபோதுதான் மறுபடி வந்தார்.