அலமாரிக்குள் இருந்த காசித்தும்பை

வால்பாறையில் மூன்று நாள் விடாமல் பெய்த மழை அரை மணி நேரம் ஓய்ந்தபோதுதான் அந்தச் செடி கண்ணில் பட்டது. ஓடைக்கரையில் நீர் கசிந்துகொண்டிருந்த பாறை, பாசிக்கு நடுவே ஒரு சாண் உயரம்கூட இல்லாத காசித்தும்பை, வெளிர் ஊதாப் பூ, அதன் தொண்டையில் மஞ்சள் புள்ளி. "இது புதுசுதானே?" என்று கிட்டத்தட்டக் கத்தியேவிட்டேன். என் தோழி கைலென்ஸை எடுத்துக் குனிந்தாள். ஐந்து நிமிடம் பேச்சே இல்லை. அப்புறம், "தெரியாது. கோயம்புத்தூர் போய்த்தான் சொல்ல முடியும்" என்றாள்.

அந்தப் பதில் அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை. செடி கண்ணெதிரே இருக்கிறது, பல வருடமாக இந்தச் செடிக் குடும்பத்தையே படித்துவருபவள் பக்கத்தில் இருக்கிறாள், இதற்கு எதற்குக் கோயம்புத்தூர்? புதிய இனம் என்றால் காட்டுக்குள் நடந்துபோய், யாரும் பார்க்காததைப் பார்ப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு கலையத்தான் இந்தப் பயணம் முழுவதும் ஆனது.

அவள் செடிகளை வகைப்படுத்துபவள். வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி அவளிடம் இருந்தது. அது இல்லாமல் ஒரு இலையைக்கூடக் கிள்ளக் கூடாது. நான் போனது உதவிக்கு. பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி முடித்தபோது பனி இறங்கியிருந்தது. அட்டை ஏறாத துணிக் காலுறையை முழங்கால் வரை இழுத்துக் கட்டிக்கொண்டோம், அப்படியும் அட்டைகள் வழி கண்டுபிடித்து ஏறத்தான் செய்தன.

காசித்தும்பைப் பேரினத்தில் உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் நூறுக்கு மேல், அதில் பெரும்பாலானவை வேறெங்கும் கிடையாது. சில இனங்கள் ஒரே ஒரு மலையில்தான் வளரும், பக்கத்து மலையில் தேடினாலும் கிடைக்காது. வீட்டு வாசலில் வளர்கிற, காயைத் தொட்டால் வெடித்து விதை தெறிக்கிற அதே செடியின் சொந்தங்கள்தான் இவை எல்லாமே. ஆனால் செடி ஆட்களுக்கு இந்தக் கூட்டம் ஒரு பெரிய தலைவலி. பூ அவ்வளவு மெல்லியது. அழுத்திக் காயவைத்தால் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நிறமும் வடிவமும் போய், ஒரு பழுப்புக் கறை மட்டும் மிஞ்சும். பிரிட்டிஷ் இந்தியாவின் தாவரங்களை ஏழு தொகுதிகளில் எழுதிய ஜோசப் டால்டன் ஹூக்கர் 1911இல் தன் 94ஆம் வயதில் இறந்தார். கடைசி வருடங்களை இந்தக் காசித்தும்பைகளோடுதான் கழித்தார்.

அதனால்தான் எங்கள் ராத்திரிகள் அப்படிப் போயின. பகலில் எடுத்த பூவை அறையில் கறுப்புத் துணிமேல் வைத்து, ஊசி முனையால் ஒவ்வொரு பாகமாகப் பிரிப்பாள். மேலிதழ் ஒன்று, இரண்டு இரண்டாக இணைந்த பக்க இதழ்கள், பின்னால் வால் மாதிரி நீளும் தேன்குழல். ஒவ்வொன்றையும் அளவுகோலோடு படம் எடுக்க வேண்டும். இரண்டு பூ சாராய பாட்டிலுக்குள் போகும், அதில் போட்டால்தான் வடிவம் நிலைக்கும். மரபணுவுக்காக ஒரு துண்டு இலை சிலிக்கா ஜெல்லுக்குள். மீதிச் செடி வேரோடு செய்தித்தாளுக்கு நடுவே, மரச்சட்டத்துக்குள், வார் போட்டு இறுக்கி. அந்த ஈரத்தில் ஒரு நாள் தாளை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். தாள் மாற்றும் வேலை என்னுடையது. குறிப்பேட்டில் எண், தேதி, இடம், உயரம், நிறம் எல்லாம் அன்றன்றே ஏறிவிட வேண்டும். "நிறத்தை இன்னைக்கே எழுதிடு, நாளைக்குச் செடிக்கே அது ஞாபகம் இருக்காது" என்பாள்.

எங்களுக்கு வழி காட்டியவர் காடர் சமூகத்தைச் சேர்ந்தவர், ஐம்பது வயது இருக்கும். நாங்கள் மூன்றாவது நாள் வரை ஒரே செடி என்று எண்ணிக்கொண்டிருந்த இரண்டை அவர் தூரத்திலிருந்தே பிரித்துச் சொன்னார். அந்த ஊதாப் பூவைக் காட்டியபோது அதிகம் ஆச்சரியப்படவும் இல்லை. "இது பாறையில வர்றது மேடம். இதே மாதிரி இன்னொண்ணு இருக்கு, அது பாறையில வராது, மரத்து மேலதான் இருக்கும்" என்றார். எங்கே என்று கேட்டதற்கு இப்போது பூ இருக்காது என்று சொல்லிவிட்டு நடந்தார். தோழி அதை அவர் சொன்ன சொல் மாறாமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். நான் மறந்தே போனேன்.

கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் மலபார்ச் செடிகளைப் பற்றிப் பன்னிரண்டு தொகுதிகள் வெளியிட்டார், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சானவை. அந்த அறிவு இட்டி அச்சுதன் போன்ற நம் பக்கத்து வைத்தியர்களுடையது. முதல் தொகுதியிலேயே அச்சுதனின் சான்றுரை அச்சாகியிருக்கிறது. பிறகு, செடிகளுக்குப் பேரினம், இனம் என்று இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் அந்தத் தொகுதிகளைப் பயன்படுத்திக்கொண்டார், ஏலக்காயின் பேரினப் பெயரான எலட்டாரியா அங்கிருந்த மலையாளச் சொல்தான். இத்தனைக்குப் பிறகும், வழி காட்டியவரின் பெயர் கட்டுரையின் ஒரு மூலையில்கூட வராமல் போவது இன்றும் நடக்கிறது. எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது. தோழி அந்த விஷயத்தில் கண்டிப்பானவள், அவளுடைய எல்லாக் கட்டுரையிலும் கூட வந்தவர்களின் பெயர் இருக்கும்.

சரி, கோயம்புத்தூர். வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் பொட்டானிகல் சர்வே ஆஃப் இந்தியாவின் தென் மண்டல மையம் இருக்கிறது. அங்குள்ள உலர்தாவரகம் சென்னையில் தொடங்கியது, அதனால் இன்றும் அதன் பெயர் மெட்ராஸ் ஹெர்பேரியம்தான். உள்ளே வரிசை வரிசையாக அலமாரிகள். திறந்தால் அட்டைத்தாளில் தைத்து ஒட்டிய செடிகள், ஒவ்வொன்றின் வலது கீழ் மூலையிலும் ஒரு சீட்டு. பழைய தாள்களுக்குப் பூச்சி வராமல் இருக்கப் பாதரச உப்பு பூசியிருப்பார்கள் என்பதால் தொட்ட கையை நன்றாகக் கழுவ வேண்டும்.

அங்கே உட்கார்ந்துதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஒரு செடி புதியதா என்று செடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே பெயர் பெற்ற அத்தனை உறவுகளோடும் வைத்துப் பார்த்து, எதோடும் சேரவில்லை என்று காட்ட வேண்டும். பெயர்களின் கணக்கு 1753இல் லின்னேயஸிடமிருந்து தொடங்குகிறது, அதற்குப் பிறகு வந்த எந்தப் பெயரும் நம்மை மறிக்கலாம். ஒவ்வொரு பெயரும் ஒரு குறிப்பிட்ட காய்ந்த செடியோடு கட்டப்பட்டிருக்கிறது. அதற்கு டைப் என்று பெயர். 1958 முதல் டைப்பைக் குறிப்பிடாமல் புதிய இனத்துக்குப் பெயரிட்டால் அந்தப் பெயர் செல்லாது. சந்தேகம் வந்தால் அந்த ஒற்றைத் தாளிடம்தான் போய் நிற்க வேண்டும்.

அந்தத் தாளே இல்லாமல் போனால்? 1943இல் பெர்லின் உலர்தாவரகம் குண்டுவீச்சில் எரிந்தது. 1945இல் மணிலாவில் இருந்ததும் அழிந்தது, பிலிப்பைன்ஸ் செடிகளின் ஏராளமான டைப்கள் அதோடு போயின. அங்கே வேலை செய்த மெரில் என்பவர் ஒவ்வொரு செடியிலும் கூடுதல் பிரதிகள் எடுத்துப் பல நாட்டு உலர்தாவரகங்களுக்கு அனுப்பிவைத்திருந்தார், அதனால் நிறையப் பெயர்கள் பிழைத்தன. வால்பாறையில் ஒரே செடியைத் தோழி ஏன் நான்கு தாள்களில் அழுத்தினாள், ஏன் என்னை அத்தனை தடவை தாள் மாற்ற வைத்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டு நாள் தாள்களைப் புரட்டினோம். எங்கள் ஊதாப் பூ இரண்டாம் நாள் மத்தியானம் தன் பெயரைக் கண்டுபிடித்துக்கொண்டது. பல பத்தாண்டுகளுக்கு முன்பு ஆனைமலையிலேயே எடுத்த ஒரு தாள், அதே தேன்குழல், அதே விதைக்காய். எங்களுடைய பூ கொஞ்சம் பெரியது, நிறம் கொஞ்சம் வெளிறியது, அவ்வளவுதான். அந்த வித்தியாசத்தை வைத்து ஒரு பெயர் போட்டுவிடலாமே என்று எனக்கு ஆசையாக இருந்தது. அவள் அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினாள். ஒன்றுக்குள் ஒன்று விழுந்தன. ஒரே இனம்.

அவசரப் பெயர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு அவள் சொன்ன கதை என்னை வருத்தியது. சென்னை மாகாணத்தில் வேலை செய்த ராபர்ட் வைட்டுக்கு ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள் செடிகளை வரைந்து கொடுத்தார்கள். கோவிந்துவின் நினைவாக ஓர் ஆர்கிட் பேரினத்துக்குக் கோவிந்தூயா என்று வைட் பெயர் சூட்டினார். ஆனால் அந்தச் செடி ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த டிராபிடியா பேரினத்தைச் சேர்ந்தது. முந்தின பெயருக்குத்தான் உரிமை, எனவே கோவிந்துவின் பெயர் வெறும் வேற்றுப்பெயராக ஒதுங்கிவிட்டது. தரங்கம்பாடிக்கு வந்த லின்னேயஸின் மாணவர் கோனிக்குக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நம் கறிவேப்பிலையின் பேரினம் முர்ராயாவா பெர்கெராவா என்று மாறினாலும் பின்னால் வரும் 'கோனிகி' அப்படியே இருக்கிறது.

மாலை தாள்களைத் திரும்ப அடுக்கும்போதுதான் கட்டின் அடியில் இருந்த ஒன்றை அவள் வெளியே இழுத்தாள். இம்பேஷியன்ஸ் என்ற காசித்தும்பையின் பேரினப் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலில் 'எஸ்பி.' என்று மட்டும் போட்டிருந்தது. இனம் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம். இப்படிக் காத்திருக்கும் தாள்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. 2010இல் வந்த ஓர் ஆய்வின்படி, புதிதாக விவரிக்கப்பட்ட இனங்களில் 16 சதவீதம்தான் முதல் முறை சேகரித்த ஐந்து வருடத்துக்குள் பெயர் பெற்றன. ஏறக்குறைய கால்வாசி இனங்களின் தாள்கள் ஐம்பது வருடத்துக்கும் மேல் பழையவை. யாரோ மழையில் நனைந்து, அட்டைக் கடி வாங்கி, தாள் மாற்றி மாற்றிக் காயவைத்தது, அதைப் படிக்கத் தெரிந்த ஒருவருக்காக அத்தனை வருடம் அலமாரியில் இருக்கிறது. இப்படிப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது.

அந்தத் தாளில் பூ வழக்கம்போல் பழுப்புக் கறைதான். ஆனால் சேகரித்தவர் சீட்டில் கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: சோலைக்குள், மரத்தின் மேல். தோழி தன் குறிப்பேட்டைத் திறந்து மூன்றாம் நாள் பக்கத்தை என் முன்னால் வைத்தாள். 'அது பாறையில வராது, மரத்து மேலதான்.'

"அப்போ இது புதுசா?" என்றேன்.

"தெரியாது" என்றாள், இந்தத் தடவை சிரித்துக்கொண்டே. உயிருள்ள பூவைப் பார்க்க வேண்டும், மரத்தில் வளரும் மற்ற இனங்களின் டைப்களோடு ஒப்பிட வேண்டும், படம் வரைய வேண்டும். புதியதுதான் என்றால் விவரிப்பு எழுத வேண்டும். 2011 முடியும்வரை அதை லத்தீனில்தான் எழுத வேண்டியிருந்தது, 2012 முதல் ஆங்கிலமும் போதும். பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002இன்படி அரசு குறித்த காப்பகத்துக்குத் தெரிவித்து அங்கே மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆகலாம், கடைசியில் ஏற்கெனவே பெயருள்ள செடியாகவும் இருக்கலாம்.

வளாகத்தை விட்டு வெளியே வந்ததும் வால்பாறைக்குப் போன் போட்டோம். முதலில் மழைச் சத்தம், அப்புறம் அவர் குரல். மரத்தின் மேல் இருக்கும் செடியைப் பற்றிக் கேட்டதும் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"மேடம், பூக்குறப்ப நானே கூப்பிடுறேன். அப்ப வாங்க."